பழைய பிளவும் அத்தானின் சிமெண்டும்

"செத்த பிளவு" என்று எவனாவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வேலையை விட்டு வந்த பிறகும் இந்த எரிச்சல் மட்டும் என்னை விட்டபாடில்லை.

போன வாரம் செல்வராஜ் வந்திருந்தான். ரோடு இலாகாவில் ஓவர்சியர், நல்ல பையன். லாபிஸுக்கு அப்பால் புது மோட்டார் ரோட்டுக்காக ஒரு குன்றை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாறைக்கு நடுவில் வழவழவென்று ஒரு களிமண் பட்டை மேலிருந்து கீழ்வரை ஓடுகிறதாம்.

"பழைய பிளவுங்க ஐயா. மலை உண்டான காலத்துல உடைஞ்சது, செத்துப்போச்சு. அதுக்காக வேலைய நிறுத்த முடியுங்களா?" என்று கோப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான்.

"செத்துப்போச்சுன்னு யாருடா உனக்குச் சர்டிபிகேட் குடுத்தா?" என்று எழுந்து கத்திவிட்டேன். பையன் மிரண்டுபோய்க் கோப்பியை மடியில் கொட்டிக்கொண்டான். என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வந்த பிள்ளைகிட்டப் போயி ஏன் இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றாள். அவனுக்கு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஆனால் எனக்கு உட்கார்ந்து பேச வராது. நடந்துகொண்டே சொன்னேன், முன்னுக்குப் பின் உளறினேன். அவன் போன பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற கதையை நீட்டப் போவதில்லை. அப்பா மலாயாவுக்கு ரயில் பாதை போட வந்தவர். என்னை ஜொகூர்பாருவில் ஐந்தாவது வரைக்கும் இங்கிலீஷ் படிக்க வைத்தார். பிறகு ரயில்வே ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணுகிற வேலை. உட்கார்ந்தே செய்கிற வேலை அது, எனக்கு நரகம். பெரிய சண்டை முடிந்த பிறகு, ஜொகூர் முழுக்கப் பாறைகளைப் பார்த்துப் படம் போட ஒரு வெள்ளைக்காரரை அரசாங்கம் அனுப்பியது. அவருக்கு இங்கிலீஷ், மலாய், தமிழ் மூன்றும் தெரிந்த, நன்றாக நடக்கிற ஓர் ஆள் தேவைப்பட்டது. ஸ்டோர் கிளார்க், "இவன் ஒரு இடத்துல இருக்க மாட்டான், தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்று சந்தோஷமாகத் தள்ளிவிட்டார்.

எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லுத் துரை. அந்த மனுஷனும் என்னைப் போலத்தான், காலில் சக்கரம். நின்றுகொண்டே சாப்பிடுவார். கல்லைக் கண்டால் சுத்தியலால் உடைத்து, உடைந்த முகத்தை நக்கிப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் மணிகள் தெரியும் என்பார். மண்ணைக் கிள்ளி முன்பல்லில் வைத்துக் கடிப்பார். களி என்றால் பல்லில் வழுக்கும், வண்டல் என்றால் நறநறக்கும். என்னையும் கடிக்கச் சொல்வார். முதல் நாள் நான் வாந்தி எடுத்தேன், அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

எதைக் காட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "முன்னே எது? பின்னே எது?" பதில் தெரியாவிட்டால் பொய் சொல்ல மாட்டார். "பெலும் தாவு" என்பார். 'இன்னும் தெரியாது' என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்வது. தெரியாது என்பதைவிட இன்னும் தெரியாது என்பதில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

லாபிஸ் பக்கத்தில் ரயில் போவதற்காக ஒரு குன்றை நடுவில் வெட்டியிருந்தார்கள். ரயில்காரர்கள் பேச்சில் அது கட்டிங். அதன் வாயில், மலையடிவாரத்தில், பாதையைப் பராமரிக்கிற கூலிகளின் லயம், அதாவது வரிசை வீடுகள், இருந்தது. அவர்களுக்குத் தலைவரான மண்டோர் வேறு யாருமில்லை, என் அக்கா தாயம்மாவின் புருஷன், வீரப்பன் அத்தான். அக்காவும் பிள்ளைகளும் அந்த லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார்கள், மலைக்கு மிகவும் ஒட்டி.

அந்த இடத்துக்கு ஒரு சுகம் உண்டு. பாறை இடுக்கிலிருந்து வருஷம் முழுக்கத் தண்ணீர் கசிந்து ஒரு குழியில் நிரம்பும். கண்ணாடி மாதிரி தண்ணீர். மற்ற லயங்களில் சதுப்புத் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் கிடந்தபோது எங்கள் அக்கா, "எங்க தண்ணிய ஒரு மொடக்குக் குடிச்சுப் பாருடா" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

அந்தத் தண்ணீர் வந்த இடுக்கைத்தான் துரை பார்த்துவிட்டார். வெடிப்பு வேறு, பிளவு வேறு. பாறை உடைந்து, உடைந்த இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருந்தால்தான் அது பிளவு. உரசிய முகம் மெருகு போட்டதுபோல் பளபளக்கும். நகர்ந்த திசையில் கீறல்கள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கீறலோடு தடவ வேண்டும். ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சொரசொரக்கும். வழுக்குகிற பக்கம்தான் மறுபாதி நகர்ந்து போன பக்கம். கண்ணைத் திறந்து வைத்துத் தடவினால் கண் பொய் சொல்லும் என்று துரை என் கண்ணைத் தன் தொப்பியால் மூடுவார்.

அந்தக் கட்டிங்கில் நான் தடவியபோது விரல் குழம்பிப்போயிற்று. படுக்கைவாட்டில் ஒரு வரிசைக் கீறல்கள். அவற்றின்மேல், அவற்றை வெட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக இன்னொரு வரிசை.

"முன்னே எது?" என்றார் துரை.

"படுக்கைக் கோடு முன்னே. செங்குத்துக் கோடு பின்னே."

அவர் அங்கேயே ஓர் ஆட்டம் போட்டார். பிறகு சுத்தியல் பிடியால் மண்ணில் கோடு கிழித்துச் சொன்னார். ஒரு காலத்தில் இந்த நிலத்தை இரண்டு பக்கமிருந்தும் ஏதோ நெருக்கியிருக்கிறது. அப்போது உடைந்து பக்கவாட்டில் நழுவியது. பிறகு நெருக்கம் விட்டது, மலை அடங்கியது. நம் கணக்கில் அடங்காத காலம் போனது. அப்புறம் நெருக்குண்ட நிலமே இழுபடத் தொடங்கியது. இழுபட்டபோது புதிதாக ஒரு கெட்டிப் பாறையை உடைக்க வேண்டிய அவசியம் என்ன? பழைய உடைசல் தயாராக இருக்கிறதே! அதே இடம் திரும்பவும் விட்டுக்கொடுத்தது, இந்தத் தடவை கீழ்நோக்கி. விரிசல் விட்ட பானையை எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்த விரிசலில்தானே பிளக்கும்? அந்த மாதிரி.

"மூணாவது வாட்டி எப்ப துரை?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"பெலும் தாவு" என்றவர் திடீரென்று ஆட்டத்தை நிறுத்தினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அந்த மெருகேறிய முகம் தண்டவாளத்தின் பக்கம் சரிந்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த பாறைக்கு அடியில் முட்டுக் கொடுத்து நின்ற மண்ணை ரயிலுக்காக வெட்டி எடுத்துவிட்டோம். மலையுச்சியில் பிளவின் வாய்க்குள் மழை இறங்குகிறது. மூன்றாவது தடவைக்குப் பூமி நெருக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம், நாமே காலை வாரிவிட்டிருக்கிறோம் என்றார். கீழே லயத்தில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

மலை நகர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மேலே பிளவின் வாயில் குறுக்காகச் சிமெண்டை அடை மாதிரி தட்டி ஒட்டிவிட வேண்டும். இரு பக்கப் பாறையையும் அது பிடித்துக்கொள்ளும். பிளவு நூலளவு விரிந்தாலும் படக்கென்று உடையும். நான் குழைத்துக் கொடுக்கத் துரை தட்டினார். ஆணியால் ஒவ்வொன்றின்மேலும் இங்கிலீஷில் எண்ணும் தேதியும் கீறினார். மழைக்காலம் முடிந்து வருவோம், உடைந்திருந்தால் லயத்தைக் காலி செய்யச் சொல்வோம், முழுசாக இருந்தால் இருக்கட்டும். இதுதான் ஏற்பாடு. அன்று அத்தான் தூரத்தில் தண்டவாளக் கட்டை மாற்றுகிற வேலையில் இருந்தார். அவருக்கு விஷயத்தைச் சொல்கிற பொறுப்பைப் பாதை இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சொன்னது இவ்வளவுதான்: "உன் எல்லையில் அரசாங்கச் சாமான் இருக்கிறது. பத்திரம்."

நாங்கள் பொந்தியான் பக்கம் அன்னாசிக் காட்டுச் சதுப்புக்குப் போய்விட்டோம்.

வீரப்பன் அத்தானைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் எல்லையில் சல்லிக்கல் ஓரம் கயிறு பிடித்து வெட்டினதுபோல் இருக்கும். புல் தலைகாட்டக் கூடாது. ஓர் ஆணி ஆடினால் அவருக்குத் தூக்கம் வராது. பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஏனென்றால் ரயில்வேயில் எது உடைந்தாலும், ஏன் உடைந்தது என்று கேட்கிற வழக்கம் இல்லை. யார் எல்லையில் உடைந்தது என்றுதான் கேட்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. புது மண்வெட்டி வேண்டுமானால் உடைந்த மண்வெட்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதனால் அத்தான் எந்த உடைசலையும் எறிய மாட்டார்.

மழைக்காலம் முடிந்து திரும்பினோம். மூச்சு வாங்க மேலே ஏறிப் பார்த்தால், சிமெண்டு அடைகள் எல்லாம் முழுசு! கீறல் எழுத்தெல்லாம் அப்படியே. துரை குனிந்து நகத்தால் சுரண்டினார்.

"பாசிகூடப் பிடிக்கலையே?"

கூட வந்த அத்தான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். "தேச்சுத் தேச்சுச் சுத்தமா வச்சிருக்கேங்க துரை."

துரைக்கு மனசு நிறைந்துபோயிற்று. எதற்கும் பெலும் தாவு சொல்கிற மனுஷன், அன்று காலையே நாங்கள் தங்கியிருந்த விடுதியில் உறுதியாக எழுதினார்: இந்தப் பிளவு செத்தது, லயம் இருக்கலாம். இன்ஸ்பெக்டர் அதைவிட ஒரு படி மேலே போய், தண்ணீர் வசதியுள்ள இடமாயிற்றே, பக்கத்திலேயே இன்னும் இரண்டு லயம் கட்டலாம் என்றார்.

மத்தியானம் அக்கா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒங்க துரைக்கு என்னடா பைத்தியமா? மலை உச்சியில அடை தட்டி வச்சிட்டுப் போயிட்டாரு. ஒங்க அத்தான் ஒவ்வொரு மழைக்கும் ஏறி ஏறி அதுக்குப் பூச்சு வேலை பாக்குறாரு. இங்க என் அடுப்பு வெடிச்சுக் கெடக்கு, அத ஏறெடுத்துப் பாக்க ஆளில்ல."

பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் கட்டிங்குக்கு ஓடினேன். அத்தான் தண்டவாளத்து முளைகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு வந்தார்.

"அத்தான், அந்தச் சிமெண்டு உடைஞ்சிச்சா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசு மாப்ளே. மழை விட்டா ஒண்ணு ரெண்டு உடையத்தான் செய்யும். வெயில் சூடா, பன்னி மிதிக்குதான்னு தெரியல. யாருக்கும் தெரியாம பூசிட்டேன்."

"எழுத்து?"

"அதையும் பாத்துப் பாத்து அப்படியே கீறிட்டேன். ஒரு புள்ளி தப்பாது." அவருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. துரை அவசரத்தில் இழுத்த வாலைக்கூட விடாமல் அச்சாகக் கீறியிருந்தார். அந்தக் கைவேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பக்கம் ஆச்சரியம், ஒரு பக்கம் பயம்.

"ஏன் அத்தான் இப்படிப் பண்ணீங்க?"

"என்னடா கேள்வி இது? அரசாங்கச் சாமான். என் எல்லையில உடைஞ்சா யாரு தலையில விடியும்? வேலை போனா அன்னைக்கே வீட்டையும் காலி பண்ணுன்னுவான். ஒங்கக்காவையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

உடைவதற்காகவே வைத்தது அது என்று சொன்னேன். மலை நகர்ந்தால்தான் உடையும் என்று சொன்னேன். அத்தான் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். தண்டவாளத்தில் உட்காருகிற ஆட்களை அவர் அடிக்காத குறையாக விரட்டுவார். அன்றைக்கு அவரே உட்கார்ந்தார். மேலே பார்த்தார், பிறகு லயத்தின் கடைசி வீட்டைப் பார்த்தார்.

"தாயம்மா அங்கதானே இருக்கா" என்றார், என்னமோ அப்போதுதான் தெரிந்த மாதிரி.

"நான் துரைகிட்டச் சொல்லட்டுமா?"

"வேணாம். நான் பூசுனது, நான்தான் சொல்லணும்" என்று எழுந்து வீட்டுப் பக்கம் போனார்.

நான் விடுதிக்குப் போய், வாசலுக்கும் படிக்கட்டுக்குமாக நடந்தேன். வருவாரா, மாட்டாரா? வந்தால் அவர் வேலை போகும். வராவிட்டால் நான் சொல்லியாக வேண்டும். உள்ளே இன்ஸ்பெக்டரோடு பேசிக்கொண்டே துரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது.

அத்தான் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். துரை முன்னால் அதை அவிழ்த்துக் கொட்டினார். உடைந்த சிமெண்டுத் துண்டுகள்! எந்த அடையின் உடைசல் எது என்று பிரித்து வாழைநாரில் கட்டி வைத்திருந்தார்.

"உடைஞ்சதெல்லாம் இதுல இருக்குங்க. ஒண்ணையும் வீசல. என்னைக்காவது கேப்பீங்கன்னு வச்சிருந்தேன். தப்புத்தாங்க" என்று கும்பிட்டார்.

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் குதிக்கத் தொடங்கிவிட்டார். அரசாங்கச் சாமானில் கை வைத்தாயா, இன்றோடு உன் சீட்டுக் கிழிந்தது என்று ஒரே கூச்சல். துரை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினார். முதலில் உடைந்தது நேராகப் பொருந்தியது. அடுத்தடுத்து உடைந்தவை தட்டையாகப் பொருந்தவில்லை. விரிந்த பிளவுக்குள் இறங்கிய சிமெண்டு நடுவில் ஒரு பட்டையாக நின்றது, ஒரு பாதி மறுபாதியைவிடத் தாழ்ந்திருந்தது. பக்கவாட்டில் இல்லை, கீழ்நோக்கி.

"எவ்வளவு விரிந்தது?" என்று அத்தானையே கேட்டார். அத்தான் முதலில் நகத்து ஓரத்தைக் காட்டினார். அப்புறம் சுண்டுவிரல். கடைசி மழைக்கு என்று கட்டைவிரலைக் காட்டினார்.

துரை எழுந்து, காலையில் எழுதியதைக் கிழித்துப் போட்டார். லயம் உடனே காலியாக வேண்டும் என்றார். மேலிடத்து உத்தரவு இல்லாமல் முடியாது என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் லயத்தில் போய்ச் சொன்னபோது யாரும் அசையவில்லை. எல்லோரையும்விட எங்கள் அக்காதான் பெரிய ரகளை. "ஆதி காலத்துலேருந்து நிக்கிற மலை, நேத்து வந்த வெள்ளைக்காரன் சொன்னா விழுந்துருமா? இந்தத் தண்ணிய விட்டுட்டு எந்தச் சாக்கடையில போயி மொண்டு குடிக்கச் சொல்றீங்க?" என்று இடுப்பில் குடத்தோடு நின்றாள்.

அத்தான் தன் வீட்டுக் கூரைமேல் ஏறினார். அத்தாப்பு ஓலையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே எறிந்தார். "அடப்பாவி மனுஷா, வீட்டப் பிரிக்கிறியே! நாசமாப் போயிடுவ!" என்று அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். தன் வீட்டை முடித்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவினார். அவர் ஆட்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். மழை தூறத் தொடங்கியது. கூரையில்லாத வீட்டில் யார் இருப்பார்கள்? சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் சரக்குக் கொட்டகைக்குப் போனார்கள். அக்கா போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள்.

அந்த மழை விடவேயில்லை. விடாத மழையில் ஒரு பகல் முழுக்க அத்தான் சிவப்புக் கொடியோடு கட்டிங்குக்கு வெளியே நின்றார். வந்த சரக்கு வண்டியையும் நிறுத்தினார். டிரைவர் தலையை நீட்டித் திட்டிக்கொண்டிருக்கும்போதே மலை இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, தொண்டையைக் கனைத்த மாதிரி ஓர் ஓசை. லயம் இருந்த இடத்தில் பாறையும் சேறும் கிடந்தன. அக்காவின் வெடித்த அடுப்பும் அவள் பெருமையடித்த தண்ணீர்க் குழியும் அதற்கு அடியில் போயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அக்கா கொட்டகை வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

மழை விட்டதும் துரை எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். மலை வழுக்கி இறங்கிய முகம் கழுவிவிட்டதுபோல் பளபளத்தது. அதில் பழைய இரண்டு வரிசையோடு, ஈரம் காயாத புதுக் கீறல்கள், கீழ்நோக்கி. துரை முதலில் தன் விரலை வைக்கவில்லை. அத்தானின் கையைப் பிடித்து, அவர் விரலை எடுத்து அந்தக் கீறலில் வைத்தார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

இனிமேல் நடந்ததுதான் அநியாயம். அத்தான் வேலை போயிற்று. அரசாங்கச் சாமானில் கை வைத்தது ஒரு குற்றம், உத்தரவில்லாமல் அரசாங்கக் கூரையைப் பிரித்தது இன்னொரு குற்றம். மண்ணுக்கடியில் போன கூரைக்குக் கேட்கிறான்கள் கணக்கு! துரை மேலே எழுதினார், நேரில் போய்ச் சண்டையும் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவரும் சீமைக்குப் போய்விட்டார். அத்தான் லாபிஸில் ஒரு சீனர் பலகை ஆலையில் சேர்ந்து, கடைவீதிக்குப் பின்னால் சின்ன வீடு எடுத்துக்கொண்டு காலத்தைத் தள்ளினார்.

செல்வராஜிடம் நான் சொல்லியனுப்பியது இதுதான். உன் பிளவின்மேல் சிமெண்டு அடை வை. வைத்துவிட்டு, காவலுக்கு நிற்கிற கூலியிடம் அது எதற்கு என்று உன் வாயால் சொல்லிவிட்டு வா. தலையை ஆட்டிவிட்டுப் போனான். செய்வானோ மாட்டானோ, நாளைக்கு நானே நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

அத்தான் இந்த வருஷம் தவறிப்போனார். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. தீபாவளிக்குத் தீபாவளி வீடு முழுக்க அவரே வெள்ளையடிப்பார், விரிசலை மட்டும் தொட மாட்டார். அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான். "புல் முளைச்சாப் பொறுக்காத மனுஷன், சுவரு வாயப் பொளந்து கெடக்கு, அதப் பூச மாட்டேங்கறாரே!" என்று அக்கா சலித்துக்கொள்வாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்தார்கள். நாலு பேர் வருகிற இடமாயிற்றே என்று அவருடைய மூத்த மகன் சிமெண்டு குழைத்துக்கொண்டு சுவரண்டை போனான். அடுப்படியில் இருந்த அக்கா கரண்டியோடு ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"அதுல கை வைக்காதடா! அது எது வரைக்கும் போவுதுன்னு ஒங்கப்பா பாத்துக்கிட்டு இருக்காரு!"